ஜன்னல் திண்ணைக்குக் குஷன் தைக்க: ஃபோம், துணி, ஜிப் கணக்கு வேண்டும்

ஓரத்தையல் கேட்டது:

ஃபிளாட்டில் ஜன்னலை ஒட்டி ஒரு திண்ணை. மேலே கிரானைட் பலகை. மூன்று பக்கம் அடைப்பு, முன்பக்கம் மட்டும் திறப்பு. ஜன்னலோரம் 60 அங்குலம், முன்விளிம்பில் 59½. ஆழம் இடப்பக்கம் 20, வலப்பக்கம் 20¼. மேற்குப் பார்த்த ஜன்னல் என்பதால் மதியத்துக்கு மேல் வெயில் நேராக விழும். ஐப்பசி மழையில் கொஞ்சம் சாரலும் அடிக்கும்.

3 அங்குல கனத்தில் பெட்டி மாதிரி குஷன் வேண்டும். மேல், கீழ் இரண்டு விளிம்பிலும் பைப்பிங் (உள்ளே கயிறு வைத்த ஓரப்பட்டி), உறையைக் கழற்றித் துவைக்க ஜிப். இருப்பது கால் மிஷின்தான். சுடிதார், ஜாக்கெட் தைத்துப் பழக்கம் உண்டு, குஷன் இதுதான் முதல் முறை.

1. எந்த ஃபோம்? கடையில் 32 என்கிறார்கள், 40 என்கிறார்கள். வித்தியாசம் தெரியுமா?
2. துணி எத்தனை மீட்டர்? எந்தத் துணி?
3. ஜிப்பை எங்கே வைப்பது, எவ்வளவு நீளம்?
4. இலவம்பஞ்சு அடைக்கலாமா?

---

நாடா எழுதியது:

முதலில் அளவு. நான்கு பக்கமும் நான்கு எண் என்றால் உங்கள் திண்ணை செவ்வகம் இல்லை. பூச்சு வேலையில் இது எல்லா வீட்டிலும் வருவதுதான். ஆகவே எண்ணை வைத்து வெட்டாதீர்கள். செய்தித்தாளை ஒட்டி ஒட்டி நீளமாக்கித் திண்ணை மேல் விரித்து, சுவர் மூலையில் நகத்தால் அழுத்தி மடித்து, அந்த மடிப்பிலேயே வெட்டுங்கள். 'மேல்', 'ஜன்னல் பக்கம்' என்று தாளிலேயே எழுதிவிடுங்கள். தாளைக் குப்புறப் போட்டு வெட்டினால் 20¼ இடப்பக்கம் போய்விடும், வலப்பக்கம் ஜன்னலோரம் கால் அங்குலம் இடைவெளி தெரியும்.

முன்பக்கம் கிரானைட் விளிம்புக்குச் சமமாகவோ அரை அங்குலம் உள்ளேயோ நிற்கட்டும். வெளியே நீட்டினால் உட்காரும்போது அந்த விளிம்பு மட்டும் கீழே மடங்கும். ஆறு மாதத்தில் ஃபோம் அந்த இடத்தில் நிரந்தரமாகச் சாய்ந்துவிடும்.

ஃபோம். உட்காருவதற்கு 40 டென்சிட்டி வாங்குங்கள். 32 முதுகுத் திண்டுக்குச் சரி. கீழே கல் என்பதால் 3 அங்குலத்தில் மெத்தென்ற ஃபோம் போட்டால் உட்கார்ந்த பத்து நிமிஷத்தில் கல் தட்டும். டென்சிட்டி என்பது ஒரு கன மீட்டரின் எடை, கிலோவில். அதனால் கடைக்காரர் சொல்வதைத் தராசிலேயே சரிபார்க்கலாம். 60 × 20 × 3 அங்குலத் துண்டு கிட்டத்தட்ட 0.059 கன மீட்டர். 40 என்றால் 2.36 கிலோ இருக்க வேண்டும். 32 என்றால் 1.89. ஒன்றரைக் கிலோவுக்குக் கீழே காட்டினால் அது உட்காரும் ஃபோமே இல்லை.

ஒரு எச்சரிக்கை: சுண்ணாம்புப் பொடி கலந்து எடை கூட்டிய ஃபோமும் விற்பனைக்கு வருகிறது. எடை சரியாகக் காட்டும், உழைக்காது. வெட்டிய ஓரத்தை விரலால் தேய்த்துப் பாருங்கள், பொடி உதிர்ந்தால் வேண்டாம். பிறகு கைமுட்டியால் அடிவரை அழுத்திவிட்டு எடுங்கள். நல்ல ஃபோம் கையோடு கூடவே எழும்பி வரும், குழி தங்காது.

ஷீட் பொதுவாக 6 அடிக்கு 3 அடி. உங்கள் 60 அங்குலம் ஒட்டுப் போடாமல் கிடைக்கும். தாளைக் கொண்டுபோய்க் கடையிலேயே வெட்டச் சொல்லுங்கள். வீட்டில்தான் வெட்டுவது என்றால் மேலும் கீழும் இரண்டு பக்கமும் கோடு போட்டுக்கொண்டு, புது ஹாக்சா பிளேடையோ நீளமான ரொட்டிக் கத்தியையோ அழுத்தாமல் இழுத்து இழுத்து அறுங்கள். அழுத்தினால் ஃபோம் நசுங்கி, வெட்டு உட்பக்கமாகச் சாயும். தெர்மாகோல் வெட்டும் சூட்டுக் கம்பி வேண்டாம், அந்தப் புகை விஷம்.

ஃபோமை ரெக்ரான் (பாலியஸ்டர்) பஞ்சு ஷீட்டால் மேல், முன், கீழ் என ஒரு சுற்று சுற்றினால் முன்விளிம்பு கூர்மையாகத் தெரியாது. மெல்லிய ஷீட் போதும்.

---

பாபின் எழுதியது:

துணிக் கணக்கு நான் சொல்றேன். எளிதா இருக்க ஃபோம் 60 × 20 × 3-ன்னு வெச்சுக்குவோம், கடைசியா உங்க தாளை வெச்சுத் திருத்திக்கோங்க.

உறை ஃபோமை விட அரை அங்குலம் சின்னதா இருந்தாத்தான் விறைப்பா நிக்கும். அதே அளவுக்குத் தைச்சா ஒரே மாசத்துல மேல சுருக்கம் விழும். தையலுக்கு நாலு பக்கமும் அரை அங்குலம் விடணும். ஆக மொத்தம் நீள, அகலத்துல வெட்டுற அளவு ஃபோம் அளவோட அரை அங்குலம் கூட, அவ்வளவுதான். சுத்திவர பட்டியோட உயரத்தை மட்டும் குறைக்கல, 3-ம் தையலுக்கு 1-ம் சேர்த்து 4.

மேல், கீழ்: 60½ × 20½, ரெண்டு துண்டு.
முன்பட்டி: 60½ × 4, ஒண்ணு.
பக்கப்பட்டி: 16½ × 4, ரெண்டு.
ஜிப் பட்டி: 68½ × 2½, ரெண்டு.

தைச்ச பிறகு சுற்றளவு 158. ஜிப் பட்டி 67½, முன்பட்டி 59½, பக்கம் 15½-ஆ ரெண்டு. கூட்டிப் பாருங்க, சரியா 158 வரும். பக்கப்பட்டி ஏன் இவ்வளவு குட்டைன்னா, ஜிப் பட்டி பின்பக்கம் முழுக்கப் போய் ரெண்டு மூலையையும் தாண்டி 4 அங்குலம் திரும்புது. 5 அடி ஃபோமை உள்ள தள்ள அந்தத் திருப்பம் இல்லாம முடியாது. பின்பக்கம் மட்டும் ஜிப் வெச்சா, ஃபோமோட மூலை ஜிப் முனையில போய் இடிச்சு, அந்த இடத்துலதான் முதல்ல பிரியும். உங்களுக்குப் பக்கத்துலயும் சுவர்தானே, வெளிய தெரியாது.

54 அங்குல அகலத் துணியில ரெண்டு பெரிய துண்டும் பக்கத்துல பக்கத்துல 41 எடுத்துக்கும். மிச்ச அகலத்துல நீளவாக்குல ஜிப் பட்டி ரெண்டும் முன்பட்டியும், 9 அங்குலம். நீளம் 68½ வேணும்கிறதால பெரிய துண்டுகளுக்குக் கீழ 8 அங்குலம் மிஞ்சும், பக்கப்பட்டி அங்க. பைப்பிங்குக்கு இன்னொரு அரை மீட்டர். சுருக்கத்துக்கும் சேர்த்து 2½ மீட்டர் வாங்குங்க. 44 அங்குலத் துணின்னா நனைச்சதும் 42-க்கு வந்துடும், கரையைக் கழிச்சா ரெண்டு துண்டு பக்கத்துல கொள்ளாது, ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா வெட்டணும். அதுக்கு 3½ மீட்டர். கோடு, கட்டம் போட்ட துணின்னா பக்கப்பட்டியோட கோடும் முன்பட்டியோட கோடும் ஒரே திசையில வர மாதிரி வெட்டணும், இன்னும் கால் மீட்டர் சேர்த்துக்கோங்க.

துணி: டக் காட்டன் இல்லாட்டி கேன்வாஸ். கரூர் பக்கம் நெய்யுற கனமான வீட்டு உபயோகக் காட்டன் இதுக்கு நல்லாவே வரும். வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி தண்ணியில ஊறப்போட்டு, காயவெச்சு, இஸ்திரி போடுங்க. இதைத் தாண்டிப் போகாதீங்க. காட்டன் 5 சதவீதம் சுருங்கினா 60 அங்குலத்துல 3 அங்குலம் போச்சு. முதல் துவையலுக்கு அப்புறம் உறை ஏறவே ஏறாது. ஜிப்போட நாடா பாலியஸ்டர், அது சுருங்காது. துணி மட்டும் சுருங்கி, ஜிப் புழு மாதிரி நெளியும். பைப்பிங் கயிறு பருத்தின்னா அதையும் சுடுதண்ணியில போட்டு எடுங்க.

பைப்பிங்: 4 மி.மீ. கயிறு 9 மீட்டர். கிராஸ் பட்டி, அதாவது துணியை மூலைவாட்டுல வெட்டின பட்டி, ஒன்றரை அங்குல அகலம். 4 மி.மீ. கயிறைச் சுத்த அரை அங்குலம், ரெண்டு பக்கத் தையலுக்கு ஒரு அங்குலம், கணக்கு அப்படித்தான் வருது. தடிச்ச கயிறு வாங்கினா பட்டியையும் அகலமாக்கணும், இல்லேன்னா பிடிக்கத் துணி இருக்காது.

ஜிப்: மீட்டர் கணக்குல விக்கிற 5-ம் நம்பர் நைலான் ஜிப், 2 மீட்டர், ரன்னர் (ஜிப்பைத் திறந்து மூடுற இழுப்பான்) ஒண்ணு. 3-ம் நம்பர் பாவாடைக்குத்தான், இதுல வாய் பிளக்கும்.

ஊசி 18, நூல் பாலியஸ்டர், தையல் அங்குலத்துக்கு 8. பைப்பிங்குக்கு ஒரு பக்கம் மட்டும் இருக்கிற ஒத்தைப் பாதம் வாங்கிக்கோங்க. சாதாரணப் பாதம் கயிறு மேல ஏறி ஏறி இறங்கும், தையல் கயிறை ஒட்டி விழாது.

வேலை வரிசை: ஜிப் பட்டி ரெண்டையும் நல்ல பக்கம் உள்ள வெச்சு, அரை அங்குலத்துல நீளவாக்குல பெரிய தையலா இணைங்க. தையலை விரிச்சு இஸ்திரி போடுங்க. ஜிப்பைக் கவுத்து நடுவுல வெச்சு ரெண்டு பக்கமும் தைச்சு, பெரிய தையலைப் பிரிச்சா ரெண்டு உதடும் ஜிப்பை மூடி நிக்கும். இப்ப பட்டியோட அகலம் சரியா 4. ரன்னரைக் கோத்து, ரெண்டு முனையையும் குறுக்கத் தைச்சு அடைங்க. முன்பட்டி, பக்கப்பட்டி, ஜிப் பட்டி எல்லாம் சேர்த்து ஒரே வளையம். பைப்பிங்கை மேல் துண்டுலயும் கீழ் துண்டுலயும் தனித்தனியா தைச்ச பிறகு வளையத்தை மேல் துண்டோட சேருங்க. கீழ் துண்டைச் சேர்க்கிறதுக்கு முன்னாடி ஜிப்பை அரை அடியாவது திறந்து வைங்க. மூடினபடி தைச்சா உறையைத் திருப்ப வழியே இருக்காது, உள்ளேயிருந்து ரன்னரைத் தேடிப் பிடிக்கிறது பெரிய வேலை.

---

இலவம் எழுதியது:

நான்காவது கேள்விக்கு. இலவம்பஞ்சு அடைக்கலாம், ஆனால் நீங்கள் கேட்கும் பெட்டி வடிவம் அதில் நிற்காது. பஞ்சு உட்கார்ந்த இடத்திலிருந்து ஓரத்துக்கு நகரும். நகராமல் இருக்க மெத்தைக்குப் போடுவதுபோல 8 அல்லது 10 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு மேலிருந்து கீழாகக் குத்தி இழுக்க வேண்டும். முடிச்சு போட்டபின் ஜிப் உறையில் கழற்றித் துவைக்க முடியாது. எனவே நெருக்கமாக நெய்த மெத்தைத் துணியில் உள்ளுறை தைத்து, பஞ்சு அடைத்து, முடிச்சுப் போட்டு, அதற்கு மேல் உங்கள் உறை. இந்த அளவுக்கு மூன்றரை, நான்கு கிலோ பிடிக்கும். குறைத்து அடைத்தால் ஒரே மாதத்தில் தட்டையாகிவிடும். சாதாரண லைனிங் துணியில் உள்ளுறை தைத்தால் பஞ்சு இழை நெசவுக்கு நடுவே வெளியே வந்துகொண்டே இருக்கும்.

இலவம்பஞ்சின் குணம், இழைமேல் இயற்கையாகவே மெழுகு இருப்பதால் தண்ணீரை எளிதில் உறிஞ்சாது. அமுங்கிப்போனால் வெயிலில் காயவைத்துத் தட்டினால் மறுபடி உப்பும். ஃபோமுக்கு வெயில் நேர் எதிர். வெறும் ஃபோமில் வெயில் பட்டால் மஞ்சளாகி, பிறகு பொரபொரவென்று உதிரும். மேற்கு ஜன்னல் என்கிறீர்கள், எனவே ஃபோமுக்கு வெள்ளை லாங்கிளாத்தில் ஒரு உள்ளுறை கட்டாயம் போடுங்கள். கண்ணாடி மூடியிருந்தாலும் சாயத்தை வெளுக்க வைக்கும் கதிர் பெரும்பாலும் உள்ளே வந்துவிடும். அதனால் அடர் நீலம், சிவப்பு தவிர்த்து மணல் நிறம், சாம்பல் மாதிரி எடுப்பது நல்லது. வெளுத்தாலும் உறுத்தாது. மேல், கீழ் இரண்டும் ஒரே துணியில் தைத்தால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை புரட்டிப் போடலாம். ஆனால் உங்கள் திண்ணையில் ஆழம் இரண்டு பக்கமும் வேறு வேறு, புரட்டினால் அந்தக் கால் அங்குலம் உதைக்கும். புரட்டும் எண்ணம் இருந்தால் இரண்டு பக்கமும் 20 என்றே வெட்டிவிடுங்கள்.

சாரலுக்குப் பயந்து ரெக்சின் போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். வேண்டாம். உட்காரும்போது உள்ளிருக்கும் காற்று வெளியேற வழியில்லாமல் தையலைப் பிளக்கும். ரெக்சின்தான் வேண்டும் என்றால் அடித்துண்டு மட்டும் காட்டனாக இருக்கட்டும், காற்று அந்த வழியே போகும். வேர்வைப் பிசுபிசுப்புக்கு மருந்து கிடையாது.

இன்னொரு வழியும் சொல்கிறேன். கீழே 2 அங்குலம் ரப்பர் கலந்த தேங்காய்நார் ஷீட், மேலே 1 அங்குலம் 40 டென்சிட்டி ஃபோம். கல் தட்டவே தட்டாது, அடியில் காற்றோட்டம் இருக்கும், மழைக்காலத்தில் கிரானைட்டில் படியும் ஈரம் ஃபோமில் ஏறாது. கெட்டியாக உட்கார்ந்து படிக்க, காய் நறுக்க என்று இருப்பவர்களுக்கு முழு ஃபோமை விட இதுதான் மேல் என்பேன். சாய்ந்து தூங்குவதற்கு என்றால் ஃபோம்.

---

ஓரத்தையல் எழுதியது:

எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டேன். நல்ல துணியில் கை வைக்கும் முன் பழைய பெட்ஷீட்டில் பைப்பிங் இல்லாமல் ஒரு மாதிரி தைத்துப் பார்த்தேன். மேல் துண்டோடு வளையம் அழகாக வந்தது. கீழ் துண்டு சேர்த்ததும் உறை முழுவதும் ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்கிறது. மூலைக்கு மூலை நேராக இல்லை, ஒன்றரை அங்குலம் தள்ளிப் போயிருக்கிறது. துண்டுகளின் அளவு சரிதான், மறுபடி அளந்துவிட்டேன். காரணம் என்ன?

கூடவே இன்னொன்று. பவானி ஜமக்காளம் ஒன்று புதிதாகவே இருக்கிறது. மேல் துண்டுக்கு அதை வெட்டலாமா?

---

பாபின் எழுதியது:

அளவு தப்பில்லை, மிஷின் பல்லுதான் காரணம். பல்லு அடித்துணியை மட்டும்தான் பிடிச்சு இழுக்கும், மேல் துணியைப் பாதம் நகர விடாம பிடிச்சுக்கும். ஒரு அடிக்குக் கால் அங்குலம் நகர்ந்தாலே 5 அடியில ஒன்றே கால் ஆயிடும். மேல் துண்டு தைக்கும்போது அது தெரியாது, ஏன்னா வளையம் இன்னும் சும்மா தொங்கிக்கிட்டு இருக்கு. கீழ் துண்டுலதான் மொத்தமும் வந்து சேரும்.

செய்ய வேண்டியது இது. மேல் துண்டும் கீழ் துண்டும் ஒண்ணு மேல ஒண்ணா வெச்சு, நாலு பக்கத்தோட நடுவுலயும், நீளப் பக்கத்துல கூடவே 10 அங்குலத்துக்கு ஒண்ணாவும், கத்தரி நுனியால கால் அங்குலத்துக்குச் சின்ன வெட்டு போடுங்க. வளையத்தை மேல் துண்டோட தைச்சு முடிச்சதும், கீழ் துண்டை எடுக்காதீங்க. மூலை மட்டத்தை வெச்சு, ஒவ்வொரு வெட்டுக்கும் மூலைக்கும் நேரா பட்டிக்குக் குறுக்க சாக்கால ஒரு கோடு இழுத்து, பட்டியோட அடி ஓரத்துலயும் வெட்டு போடுங்க. அந்தக் கோடு பட்டிக்குச் செங்குத்தா இருக்கணும், கண்ணளவுல போடக் கூடாது. அப்புறம் கீழ் துண்டோட வெட்டும் பட்டியோட வெட்டும் ஒண்ணா சேர்த்துக் குண்டூசி. முதல்ல நாலு மூலை, பிறகு நடு, பிறகு மிச்சம்.

தைக்கும்போது ஒவ்வொரு பக்கத்தையும் நடுவுல ஆரம்பிச்சு மூலைக்குப் போங்க, திரும்ப நடுவுல ஆரம்பிச்சு அடுத்த மூலைக்கு. நகர்ந்தாலும் ரெண்டு பக்கமும் பாதிப் பாதியா பிரிஞ்சு போயிடும். எந்தத் துணி கொஞ்சம் தொளதொளன்னு இருக்கோ அது அடியில, பல்லு பக்கம். கால் மிஷின்ல பாதத்துக் கம்பி மேல ஒரு திருகு இருக்கும் பாருங்க, அதை ரெண்டு சுத்து தளர்த்துங்க. பாதத்தோட அழுத்தம் அதிகமா இருந்தாலும் மேல் துணி நகரும்.

மூலையில பட்டியில மட்டும் ஒரு வெட்டு, தையல் கோட்டுக்கு ஒரு நூல் முன்னாடி வரைக்கும். அது விரிஞ்சு மூலை திரும்பும். பைப்பிங் வெச்சுத் தைக்கும்போது கூர் மூலை வேண்டாம். ஒரு சின்ன டம்ளரை வெச்சு லேசா வளைச்சுக்கோங்க, பைப்பிங்கோட தையல் ஓரத்துல மூணு வெட்டு கொடுத்தா அழகாத் திரும்பும். ஜிப் பட்டியும் பக்கப்பட்டியும் சேருற இடத்துல துணி ஏழெட்டு அடுக்கு வரும். அங்க மிதிக்காதீங்க, சக்கரத்தைக் கையால சுத்துங்க. ஊசி முறியுறது எப்பவும் அந்த ரெண்டு இடத்துலதான்.

---

நாடா எழுதியது:

ஜமக்காளத்தை வெட்டலாம், ஆனால் வெட்டிய ஓரம் நிற்காது. குறுக்கு நூல் தடிமனாக, பாவு தெரியாதபடி நெருக்கி நெய்திருப்பார்கள். கத்தரி பட்டதும் தடித்த குறுக்கு நூல் ஒவ்வொன்றாகக் கழன்று விழும், அரை அங்குலத் தையல் ஓரம் இரண்டு துவையலில் காலி. எனவே வெட்டும் கோட்டுக்கு உட்பக்கம் கால் அங்குலத்துக்குள் இரண்டு வரிசை தையல் ஓட்டிவிட்டு, அதன் பிறகு வெட்டுங்கள். தையலுக்கு அரை அங்குலம் போதாது, முக்கால் விடுங்கள். மேல் துண்டுக்கு மட்டும் ஜமக்காளம். பட்டி, பைப்பிங், அடித்துண்டு எல்லாம் கேன்வாஸ். ஜமக்காளத்திலேயே பைப்பிங் செய்தால் கால் மிஷின் ஏறாது. சிவப்பு, பச்சை இருந்தால் வெள்ளைத் துணியை நனைத்து அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் உறையைத் துவைக்கும்போது கேன்வாஸ் பட்டியெல்லாம் இளஞ்சிவப்பாகிவிடும். அப்போது ஜமக்காளத்தை ஜமக்காளமாகவே விட்டுவிடுவது நல்லது.

ஃபோமை உள்ளே ஏற்ற: காட்டனும் ஃபோமும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், இழுத்தால் ரெக்ரான் ஷீட் சுருண்டுவிடும். துணி வெளுப்பவர் தரும் மெல்லிய பிளாஸ்டிக் உறை மாதிரி ஒன்றில் ஃபோமைச் சுற்றுங்கள். வாக்குவம் கிளீனர் இருந்தால் குழாயை உள்ளே விட்டு வாயைக் கையால் இறுக்கிப் பிடியுங்கள், ஃபோம் பாதியாக வற்றிவிடும். அப்படியே நெடுக மடித்து உள்ளே தள்ளி, நான்கு மூலையும் உட்கார்ந்ததைத் தடவிப் பார்த்துவிட்டுப் பிளாஸ்டிக்கை உருவி எடுங்கள். உள்ளே விட்டுவிட்டால் ஒவ்வொரு தடவை உட்காரும்போதும் சரசரக்கும், காற்றும் போகாது. நீங்கள் லாங்கிளாத் உள்ளுறை போட்டால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

ஜிப்பை மூடும்போது இரண்டு உதட்டையும் கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ரன்னரை நகர்த்துங்கள். ரன்னரை மட்டும் பிடித்து இழுத்தால் பல் விலகும்.

ஒன்று விட்டுப்போனது. குஷன் போட்டதும் திண்ணை 3 அங்குலம் உயர்கிறது. அந்த ஜன்னலில் கிரில் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. கிரில் இல்லாத ஸ்லைடிங் ஜன்னல் என்றால், தடுப்புக் கம்பியின் உயரத்தைக் கிரானைட்டிலிருந்து அளக்காதீர்கள், குஷனின் மேல்மட்டத்திலிருந்து அளந்து பாருங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் குஷன் மேல் ஏறி நிற்பார்கள். கிரில் போட்ட பிறகு துணியை வெட்டினால் போதும்.